ஓடிப்போன பணத்துக்கு ஒரு வக்காலத்து

மற்ற வக்கீல்களிடம் கட்சிக்காரர் எதிரியைத் திட்டிக்கொண்டே வருவார். இணைய மோசடி வழக்குப் பார்க்கும் என்னிடமோ, எதிரிக்குப் பரிந்துகொண்டே வருகிறார். நாமக்கல்லில் எனக்கு இதுதான் பிழைப்பு. வராத பார்சலுக்கும் வராத லாபத்துக்கும் பணம் கட்டிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் வெட்கப்படாமல் படியுங்கள். நம் கூட்டம் பெரிது.

நல்ல மனுசன்

பரமத்தி வேலூரிலிருந்து வெற்றிலை விவசாயி ஒருவர் வந்தார். கரண்ட் பில் பாக்கி, இன்றே ஃபியூஸைப் பிடுங்கிவிடுவோம் என்று ஒரு போன். அனுப்பிய லிங்க்கைத் தொட்டார். கொடிக்காலுக்கு வைத்திருந்த காசு மொத்தமும் போயிற்று.

போனது தெரிந்த உடனே சைபர் கிரைம் உதவி எண்ணில் சொன்னால், பணம் கைமாறுவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. இவர் வந்ததோ ஒரு வாரம் கழித்து. இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அவருக்கேதாங்க போன் போட்டுட்டிருந்தேன். எடுக்கவே இல்லீங்க. எடுத்திருந்தா திருப்பிக் குடுத்திருப்பாருங்க, நல்ல மனுசனாட்டந்தான் பேசினாரு."

ஊட்டுக் காவல்

சேந்தமங்கலத்தில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரை, போலீஸ் உடுப்பு மாட்டிய ஒருவன் வீடியோ அழைப்பில் 'டிஜிட்டல் கைது' செய்துவிட்டான். போன் கேமராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது. அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஊரையே அதட்டி வேலை வாங்கிய மனிதர், ஓய்வூதியப் பணத்தை அவன் சொன்ன கணக்குக்கு அனுப்பிவிட்டு, விடுதலைக்காகக் காத்திருந்தார்.

மனைவிதான் போனைப் பிடுங்கி அணைத்து, கையோடு அவரை என்னிடம் இழுத்து வந்தார். புகாரை டைப் செய்யும்போது அவர் தலை நிமிரவே இல்லை. பாவம், ரொம்பப் பயந்துவிட்டார் என்றேன் அந்த அம்மாவிடம்.

"கலியாணம் ஆன நாள்ல இருந்து, ஒரு ஞாயித்துக்கிழமை ஊட்டுல இருங்கன்னு கெஞ்சறேன், கேட்டதில்லீங்க. எவனோ சொன்னான்னு ரெண்டு நாளா நாற்காலிய உட்டு எந்திரிக்கலீங்க."

கோழியின் வாக்குமூலம்

பணத்தை இழந்தவர்தான் வருவார் என்றில்லை. வடக்கே யாரோ இழந்த பணம் கணக்கு மாறி, கணக்கு மாறி, முட்டை வாங்கிய ஆள் மூலமாக நம் ஊர்க் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் கணக்கில் விழுந்திருந்தது. அந்த ஊர் போலீஸ் இவர் கணக்கையே முடக்கிவிட்டது. தீவனக்காரருக்குக் கொடுக்க வழியில்லை. வங்கியைக் கேட்டால் போலீஸைக் கை காட்டியது; போலீஸைக் கேட்டால் இந்தியில் ஏதோ சொல்லிப் போனை வைத்தது.

பில், லாரி ரசீது எல்லாம் இணைத்து, முடக்கத்தை நீக்கக் கோரி மனுப் போட்டோம். நேர்மையான வியாபாரத்தில் வந்த பணம்தான் என்பதற்கு மேலும் ஆதாரம் தேவை என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டினேன்.

"பில்லு குடுத்தாச்சு, லாரி நம்பரும் குடுத்தாச்சு. இன்னும் சந்தேகம்னா பண்ணைக்கு வந்து கோழிகிட்ட வாக்குமூலம் வாங்கிக்கச் சொல்லுங்க."

கம்மி ரேட்டு

கடைசியாக, எல்லாவற்றையும் சரியாகச் செய்த ஒரு நர்ஸம்மா. மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் பகுதிநேர வேலை மோசடியில் இழந்தவர், அன்றைக்கே புகார் கொடுத்தார். பாதிப் பணம் திருடனின் கணக்கிலேயே முடங்கி நின்றது. முடங்கிய பணம் தானாக நடந்து வராது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு உத்தரவு வாங்கினோம். நகலில் சீல் மங்கல் என்று வங்கி திருப்பி அனுப்பியது. திருடனுக்கு ஒரு நொடியில் போன பணம், உரியவருக்கு வர நல்ல சீல் கேட்டது.

ஒருவழியாக வந்தது. மகளின் படிப்பு நிற்கவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் போன் செய்தார். மீதிப் பணத்தையும் மீட்டுத் தருவதாக ஆன்லைனில் ஒருவர் சொல்கிறாராம், முன்பணம் மட்டும் அனுப்பினால் போதுமாம். அவனும் அதே கூட்டம்தான், ஒரு பைசா அனுப்பாதீர்கள் என்று கத்தினேன்.

"இல்லீங்க மேடம், உங்களவிட அவரு ஃபீஸு கம்மியாத்தானுங்க கேக்கறாரு."

நம் சனங்களுக்குத் திருடன் மேல் இருக்கிற நம்பிக்கையில் கால்வாசி வக்கீல் மேல் இருந்திருந்தால், நானும் இந்நேரம் சொந்த வீடு கட்டிக் குடிபோயிருப்பேன்.