மதியம் விழுந்த புள்ளி

அம்பத்தூரில் அப்போது எங்களுக்கு வேலை, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து எங்கெங்கே குப்பை எரிகிறது என்று கண்டுபிடிப்பது. என் மேலதிகாரி படிய வாரிய தலையும் வெளுத்த கைக்குட்டையுமாக வருவார். திரையில் சிவப்புப் புள்ளி விழுந்தால், முதலில் கைக்குட்டையால் துடைத்துப் பார்ப்பார். போகாவிட்டால்தான் அவருக்கு அது நெருப்பு.

ஒருநாள் கள்ளிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்.

"தெனம் விடிகாலைல குப்பைமேட்டக் கொளுத்திடுறானுங்க சார். எம்பொண்ணு மூச்சு உட முடியாம கீறா."

மேலதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். "பாரும்மா, உங்க ஏரியாவுல ஒண்ணுமே இல்ல. சேட்டிலைட் மதியந்தான் இந்தப் பக்கம் போவும். அப்ப எரிஞ்சாத்தான் கணக்கு."

மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்த மதியப் படத்தில் கள்ளிக்குப்பத்தின் மேல் ஒரு புள்ளி இருந்தது. துடைத்தார். போகவில்லை. சற்று நேரத்தில் அந்த அம்மாவே போன் செய்தார்.

"மதியம் நானே கொளுத்தி உட்டேன் சார். இப்பனாச்சும் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. உன் பேரும் ஊட்டு நம்பரும் சொல்லும்மா."

புகாரை எழுதிக்கொள்கிறார் என்ற சந்தோஷத்தில் அந்த அம்மா நிறுத்தி நிதானமாகச் சொன்னார். குப்பை எரித்ததற்கான அபராத நோட்டீஸ் அந்த விலாசத்துக்கே போனது.

மேலதிகாரி லஞ்சம் வாங்கியோ பொய் சொல்லியோ நான் பார்த்ததில்லை. அவரை என்னவென்று சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் காலை கள்ளிக்குப்பத்துப் புகையில் கண் எரிய பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். புள்ளியே இல்லாத திரையின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். கைக்குட்டை மடிப்புக் கலையாமல் சட்டைப் பையில் இருந்தது.