வலது கண்ணை மூடச் சொன்னார்கள்

போன வருடம் பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது இது. நாங்கள் இருப்பது வேலப்பன்சாவடியில். பேரனை எல்.கே.ஜி.யில் சேர்க்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதற்காக வானகரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் நானும் மருமகளும் அவனைக் கூட்டிக்கொண்டு போனோம்.

பேரன் என்றால் நான் பெற்ற பிள்ளையின் பிள்ளை இல்லை. என் தங்கை மகனின் மகன். தங்கை சின்ன வயதிலேயே போய்விட்டாள். கைக்குழந்தையாக இருந்த அவள் மகனை நான்தான் வளர்த்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தள்ளுவண்டி போட்டு, இட்லியும் டீயும் விற்று, அவனைப் படிக்கவைத்து, கல்யாணமும் பண்ணிவைத்தேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அதனால் எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். பையனின் எடை, உயரம் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். ஊசியெல்லாம் போட்டாயிற்றா என்று கேட்டார். எல்லாம் முடிந்தது, கையெழுத்துப் போடுவார் என்று நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "குழந்தையப் பத்தி உங்களுக்கு ஏதாவது கவலை இருக்கா?" என்று கேட்டார்.

கேட்டது மருமகளை. பதில் சொன்னது நான்.

"கவலை இன்னா கவலை டாக்டரம்மா. கல்லு மாதிரி கீறான். சோறுதான் துன்ன மாட்டேன்றான்."

"சோறு எந்தக் குழந்தைதான் ஒழுங்கா சாப்பிடுது?" என்று சிரித்துவிட்டு, டாக்டரம்மா மறுபடியும் மருமகள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

மருமகள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டே, ஒப்பிப்பது போல வேகமாகச் சொன்னாள். "டம்ளர எடுக்கப் போனா கை தள்ளிப் போயிடுது டாக்டர். படி எறங்கறப்ப கால வச்சு வச்சுப் பாக்கறான். பந்து போட்டா பிடிக்கத் தெரியல, மூஞ்சில வாங்கிக்கறான்."

இதை அவள் வீட்டில் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான், "பெத்தவளே புள்ளைய கொற சொல்லாத" என்று அவள் வாயை அடைத்துவிடுவேன். அவள் புருஷனும் என் பக்கம்தான் பேசுவான். இப்போது வெளி ஆளிடம் போய்ச் சொல்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது.

"அது ஒண்ணியும் இல்ல டாக்டரம்மா. எங்க வூட்டு ரத்தம் அது. எங்க நைனாவும் அப்டித்தான், நானும் அப்டித்தான். டீ ஊத்தறப்ப ஜக்கு மூக்க கிளாசு மேல முட்ட வச்சிகினுதான் ஊத்துவேன். இல்லன்னா பாதி டீ வெளியே பூடும். அத்த வச்சிகினே காலம் பூரா கடை நடத்தலியா நானு?"

நான் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்களுக்குமா?" என்று கேட்டார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, பையனுக்குக் கண் பார்க்கச் சொன்னார்.

பக்கத்து அறைச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. எழுத்து ஏதும் இல்லை, எல்லாம் படம். வீடு, குடை, மீன், ஆப்பிள். மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சின்னதாக. எனக்குக் கொஞ்சம் நிம்மதி. நான் மூன்றாவதுதான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதை நாலு பேருக்கு முன்னால் காட்டிக்கொள்ள எனக்குப் பிடிக்காது.

பையன் அம்மாவின் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றான். நர்ஸ் கெட்டிக்காரப் பெண். "மொதல்ல ஆயா விளையாடட்டும். அப்புறம் நீ" என்று தரையில் போட்டிருந்த கோட்டில் என்னை நிறுத்திவிட்டாள்.

இடது கண்ணைக் கையால் மூடச் சொன்னாள். மூடினேன். வீடு, மீன், குடை என்று வரிசையாகச் சொன்னேன். "சூப்பர் ஆயா" என்றாள். பையன் கை தட்டினான்.

வலது கண்ணை மூடச் சொன்னாள். மூடினேன்.

அட்டை இல்லை.

இல்லை என்றால் மொத்தமாக இல்லாமல் போகவில்லை. இட்லிப் பானையைத் திறந்தால் குப்பென்று ஆவி வருமே, அந்த ஆவிக்குப் பின்னால் என்னவோ வெள்ளையாக இருந்தது. அவ்வளவுதான். கை அழுத்திவிட்டது போல என்று எடுத்துவிட்டு மறுபடி மூடினேன். திரும்பவும் அதே ஆவி. எனக்கு அறுபது தாண்டி எத்தனையோ வருடம் ஆகிறது. அன்றைக்கு வரைக்கும் ஒரு கண்ணை மட்டும் மூடி நான் எதையும் பார்த்ததில்லை. பார்க்க என்ன அவசியம் வந்தது?

நர்ஸ் வேறு மாதிரி புரிந்துகொண்டாள். "எழுத்து இல்ல ஆயா, படந்தான். தெரிஞ்சதச் சொல்லுங்க" என்றாள் மெதுவாக. எனக்கு முகம் எரிந்தது. மீனும் குடையும் தெரியாதவளா நான்?

"ஆயாக்கு மீனே தெரில. ஆயா அவுட்டு" என்று பையன் குதித்தான். அந்தக் குஷியில் அவனே கோட்டில் வந்து நின்றுகொண்டான். நான் அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒவ்வொரு படமாக விரல் வைத்துக் காட்டினேன்.

இடது கண்ணை மூடினதும் எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொன்னான். நர்ஸ் வலது கண்ணை மூடினாள். சத்தம் நின்றுவிட்டது. அவள் கையைத் தட்டிவிட்டான். மருமகள் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டு, தன் கையால் மூடினாள். அவன் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"அங்க யாரு நிக்கிறாங்க, சொல்லு?" என்றாள் நர்ஸ்.

"ஆயா காணோம்" என்றான்.

நான் நேர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் என் கண் போனது ஒன்றும் எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஒரு கண்ணில் பார்வை குறைந்து பிறந்தால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை மட்டும் வைத்து ஓட்டிக்கொள்ளுமாம். வெளியில் பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும், யாருக்கும் தெரியாது. குழந்தையாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மூடி வைத்து, ஒதுங்கிய கண்ணுக்கு வேலை கொடுத்துச் சரிசெய்யலாம். நாள் தள்ளத் தள்ளக் கஷ்டம். "உங்களுக்குச் சின்ன வயசுல யாராவது பார்த்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"என்னிய வுடுங்க. இவனுக்கு இன்னா பண்ணணும், அத்தச் சொல்லுங்க" என்றேன்.

கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டே, அவர் மருமகளைக் கேட்டார். "இவ்ளோ கவனிச்சிருக்கீங்க. ஏம்மா முன்னாடியே கூட்டிட்டு வரல?"

நான் அவள் வாயையே பார்த்தேன். 'பெரியத்தை விடவில்லை' என்று அவள் சொன்னால் அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவள் சொன்னாள், "நான்தான் அசால்ட்டா இருந்துட்டேன் டாக்டர்."

அன்றைக்கு நான் அதிர்ந்தது கண்ணைப் பற்றித் தெரிந்தபோது மட்டும் இல்லை. இந்தப் பேச்சைக் கேட்டபோதும்தான். எத்தனை நாள் இவளை நான் பேசவிடாமல் உட்காரவைத்திருக்கிறேன்.

"பொய் சொல்றா டாக்டரம்மா" என்றேன். "வூட்ல சொல்லிகினேதான் இருந்தா. நாந்தான் அடக்கி வச்சேன்."

டாக்டரம்மா சீட்டைக் கிழித்து என்னிடம் நீட்டினார். மருமகள் பையனுக்குச் செருப்பு மாட்டும் சாக்கில் குனிந்துகொண்டாள். ஆட்டோவில் வீடு வரும் வரைக்கும் அவன் மட்டும் பேசிக்கொண்டே வந்தான்.

கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடி கொடுத்தார்கள். தினமும் கொஞ்ச நேரம் நல்ல கண்ணின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவைக்கச் சொன்னார்கள். ஒட்டின உடனே பிய்த்து எறிவான். கெஞ்சினாலும் அழுகை, அதட்டினாலும் அழுகை. ஒரு நாள் நான், "எனக்கும் ஒண்ணு ஒட்டும்மா" என்று மருமகளிடம் முகத்தை நீட்டினேன். ஆயாவுக்கும் ஒட்டியிருக்கிறது என்றதும் அவன் சும்மா இருந்துவிட்டான். அன்றிலிருந்து ரெண்டு பேரும் சேர்ந்தேதான் உட்காருகிறோம். அந்த நேரம் எனக்கு எதிரில் இருப்பது எதுவும் தெரியாது. மருமகள் கொண்டுவந்து வைக்கும் காபியைத் துழாவித்தான் எடுக்கிறேன்.

போன தடவை பார்த்தபோது, முன்பைவிட ரெண்டு வரிசை கீழே இருக்கும் படங்களைச் சொன்னான். இன்னும் நாள் ஆகும், விடாமல் செய்யுங்கள் என்றார்கள். என் கண் இனிமேல் திரும்பாது என்று எனக்கே தெரியும், அதைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. ஆனால் அந்தப் பிளாஸ்திரியோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வரும்: எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் போல என்று நினைத்துக்கொண்டிருந்த குழந்தைக்குத் தன் குறையைச் சொல்லத் தெரியவில்லை, சொல்லத் தெரிந்தவளை நான் சொல்ல விடவில்லை.