சூடு தெரியாத கை

முதல் அடையாளம் ஒரு மணம்தான். வைகாசிச் சடங்கில் பெத்தாச்சி கற்பூரச் சட்டியைக் கையில் ஏந்திக் கண்ணகி அம்மன் கோயிலைச் சுற்றி வந்து இறக்கி வைத்தார். தோல் கருகும் மணம் வந்தது. யாருக்கோ சுட்டுவிட்டது என்று திரும்பிப் பார்த்தேன். பெத்தாச்சி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். மணம் அவருடைய உள்ளங்கையிலிருந்து வந்தது.

பெத்தாச்சி என் அம்மாவின் அம்மா; பேத்தி என்னை ‘மனே’ என்றுதான் கூப்பிடுவார். வள்ளிப்பிள்ளை என்று பெயர். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர். நேர்த்திக்கடனுக்குச் சட்டி எடுக்கும் பெண்கள் அடியில் வேப்பிலையைத் தடிப்பாக வைத்துக்கொள்வார்கள். அப்படியும் கை மாற்றி மாற்றித்தான் பிடிப்பார்கள். பெத்தாச்சியோ வெறுங்கையில் ஏந்துவார். ஊரில் வாந்திபேதி வந்த வருடத்திலிருந்து அவருக்குச் சட்டி சுடுவதில்லை. அது அம்மாளின் அருள் என்று ஊர் நம்பியது. நானும் நம்பினேன்.

அந்தக் கையை நம்பித்தான் ஊர் அவர் சொல்லைக் கேட்டது. வாந்திபேதிக் காலத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னவர் அவர். அம்மைத் தடுப்புக்கு அம்மைப்பால் குத்த ஆட்கள் வந்தபோது சனங்கள் பிள்ளைகளை வயல் வட்டைக்குள் ஒளித்தார்கள். பெத்தாச்சி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதலாவதாக நிறுத்தினார். பெண்களுக்கு வோட்டு வந்தபோது தோணி நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனார். “புருசன்மாருக்குச் சோறு ஆறினாலும் பரவாயில்ல, ஏறுங்ககா!” என்று துறையில் நின்று சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த சித்திரையாகியும் உள்ளங்கைப் புண் ஆறவில்லை. சின்னவிரல் மடங்கத் தொடங்கியது. அம்மாவும் நானும் அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

டாக்டர் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் சுடுநீரும் குளிர்நீரும் எடுத்தார். பெத்தாச்சியைக் கண்ணை மூடச் சொல்லி, கையில் மாறி மாறி வைத்தார்.

“எது சூடு, சொல்லுங்க.”

“ரெண்டும் ஒண்டுதான் ஐயா.”

இது குஷ்டம் (தோலையும் நரம்பையும் தாக்கும் தொற்றுநோய், ஊரில் பெருவியாதி, பெரிய வருத்தம் என்பார்கள்) என்று டாக்டர் சொன்னார். நரம்பு செத்த இடத்தில் சூடும் நோவும் தெரியாது என்றார். சட்டப்படி வாவி நடுவிலுள்ள தீவு ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும். அங்கே நீரடிமுத்து எண்ணெய் (ஒரு காட்டுமர விதையின் எண்ணெய்) ஊசியாகப் போடுவார்கள்.

பெத்தாச்சி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப, இவ்வளவு காலமும் சட்டியைத் தூக்கினது ஆரு ஐயா?”

டாக்டர் துண்டுச்சீட்டில் எழுதினார். சடங்கு முடியும்வரை தவணை கேட்டார் பெத்தாச்சி. நெருப்பைத் தொடக்கூடாது என்று சொல்லித் தவணை கொடுத்தார்கள்.

திரும்பும் தோணியில் அம்மா அழுதழுது ஒரு வழி கண்டுபிடித்தார். “ஊருக்குச் சொல்ல வேணாம். கதிர்காமம் போய்ட்டா எண்டு சொல்லுவம். தெரிஞ்சா உங்கட பேச்சை ஆரு கேப்பாங்க? நம்மட வீட்டுத் தண்ணியக்கூடக் குடிக்க மாட்டாங்க.”

பெத்தாச்சி கையை வாவித் தண்ணீரில் விட்டு எடுத்துப் பார்த்தார்.

சடங்கன்று சட்டிகளில் கற்பூரம் எரிந்தது. பெண்கள் அவர் முதலில் எடுக்கட்டும் என்று காத்து நின்றார்கள். பெத்தாச்சி எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

“புள்ளையள், எனக்குச் சட்டி சுடாதது வருத்தத்தால. பெரிய வருத்தம். உங்களில ஆருக்கும் சூடு தெரியாட்டி அதைப் பெருமையாப் பேசாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

பறைமேளம் நின்றுவிட்டது. பக்கத்து வளவுக் கனகம்மா முன்னுக்கு வந்து கத்தினார். அவரும் இரண்டு வருடமாக இலை வைக்காமல் சட்டி எடுப்பவர்.

“அம்மாளைப் பழிக்காதீங்க வள்ளியக்கா!”

“பழிக்கல்லகா. எனக்கு அவளோட கோவம் இரிக்கி. இத்தனை வருசமும் பாத்துக்கொண்டு சும்மா இருந்தவள். அதை நான் அவளோட பேசிக்கொள்ளுறன். நீ உன்ர கையைப் பாரு.”

கூட்டம் விலகி வழிவிட்டது. முன்பும் அவருக்கு வழிவிடுவார்கள். இம்முறை சேலைகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். அம்மா சொன்னபடியே ஆயிற்று. அதன்பின் எங்கள் வளவுக்குள் ஒருவரும் வரவில்லை.

தீவுக்குப் போகும் நாள் துறைக்குப் போனபோது கனகம்மா தோணியில் ஏறி உட்கார்ந்திருந்தார். கைகளை முந்தானையால் சுற்றியிருந்தார்.

“நானும் வாறன்.”

“அப்ப தள்ளி இரு. ஓரத்தில குந்தினா தோணி கவுளும்” என்றார் பெத்தாச்சி.

தீவில் பெண்கள் பகுதியைப் பெத்தாச்சிதான் நடத்தினார் என்று கேள்விப்பட்டேன். வியாதியால் இமை மூட முடியாதவர்களுக்குக் காலையில் கண் கழுவி விடுவாராம். ஒரு கல்லை நட்டு அம்மாளை வைத்து, விளக்கேற்றாமல், தினமும் அதோடு சண்டை பிடிப்பாராம். பூ வைக்க மறக்கவும் மாட்டாராம்.

பார்க்கப் போனால் என் தலையில் கை வைப்பார். வைத்தது அவருக்குத் தெரியாது. எட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்வார். “தலையிலதானே கை இரிக்கி, மனே?” ஓம் என்பேன். அதற்குப் பிறகுதான் முகம் தெளியும்.

உலக யுத்த காலத்து மாரி ஒன்றில் அவர் அங்கேயே இறந்துபோனார். வாவி பெருகித் தோணி விடவில்லை. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. கனகம்மா விரல்கள் கெடாமல் ஊர் திரும்பினார். நேரத்தோடு போனதால்தான் என்று டாக்டர் சொன்னார்.

சில வருடங்களின் பின் என் முழங்கையில் ஒரு வெளிறல். வியர்வை வராது, எறும்பு ஊர்ந்தால் தெரியாது. நான் ஒளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்; அதே எண்ணெய் ஊசிதான். ஊசி போட்ட இடம் கட்டியாக வீங்கும், காய்ச்சல் வரும். பொறுத்தேன். வெளிறல் மங்கியது, உணர்ச்சியும் பாதி திரும்பியது. உங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி ஓர் இடம் இருந்தால் ஒளிக்காதீர்கள். இதை எழுதுவதற்கு வேறு காரணம் எனக்கில்லை.

சோதனைக்கு இப்போதும் போகிறேன். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் முழங்கையைத் தொடுவார். தெரிந்தால் சொல்ல வேண்டும்.

போன முறை, “ஓம்” என்றேன்.

“நான் இன்னும் தொடவில்லையே அம்மா” என்றார் டாக்டர்.

கண்ணைத் திறக்கவில்லை. தொட்டது முழங்கையில் அல்ல, உச்சந்தலையில். அந்தக் கை விலகும்வரை அசையாமல் இருந்தேன்.