மஞ்சள் தேய்த்த நாடி

கண்டிப் பக்கத்தில் இதயத்துக்குள் குழாய் விடுகிற டொக்டர்மாருக்கு வழி காட்டிக் கொடுத்ததே நான்தான். பொய். நான் அலவத்துகொடையில் இறைச்சிக் கடை வைத்திருப்பவன். ஐந்தாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. மாட்டு இதயத்திலிருந்து புறப்படுகிற தடித்த குழாயை வெட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதையும் ஒழுங்காகக் கொடுக்கவில்லை.

கேட்டு வந்தவர் பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து மிஸ். கடைக்கு வருகிறவர்கள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு அவரும் முதல் நாளே, அண்ணன் முறையில், "நானா" என்றார்.

"நானா, மாட்டின்ர பெருநாடி வேணும். கிழமைக்கு ரெண்டு தருவீங்களோ?"

நான் என் தாடையைத் தொட்டுக் காட்டினேன். "நாடி இங்கதானே மிஸ் ஈக்கிற? மாட்டுக்கு ஷேவ் எடுக்கப் போறீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே பில் துண்டில் படம் கீறினார்.

"அட, பெரிய நரம்பு! அத நாங்க நாய்க்குத்தானே போடுற!"

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். மணிக்கட்டிலோ தொடையிலோ கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு, நாடி வழியாக இதயம்வரை தள்ளுவார்களாம். எனக்குத் தெரிந்த கதீட்டர் மூத்திரப் பையோடுதான் வரும். போகிற வழியில் ஒரு வளைவில் குழாயின் முனை சுவரில் அழுத்தினால் சுவர் கிழியலாம். அதனால் ஸ்கேன் படங்களை அடுக்கிக் கம்ப்யூட்டரில் அந்த வழியைக் கட்டி, சுவர் எவ்வளவு இழுபடும் என்பதையும் அதில் சேர்த்துவிட்டால், ஆளைத் தொட முன்னமே எப்படித் தள்ளுவது என்று பார்த்துக்கொள்ளலாம். முதலில் மாட்டில் முறை சரிவர வேண்டும். பிறகுதான் மனிதர்.

இவ்வளவு படித்த பிள்ளைக்கு இரத்தமும் சவ்வுமாக ஒரு துண்டை நீட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. குடலைச் சுத்தம் செய்கிற மாதிரியே கொதிதண்ணீரில் ஒரு முக்கு முக்கி, உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, வாழையிலையில் சுற்றிக் கொடுத்தேன். மூன்று கிழமை. "வெட்டினபடியே தாறீங்கள்தானே?" என்று அவர் கேட்டபோதெல்லாம், "அப்படியே மிஸ்!" என்றேன். அப்படியே சமைக்கலாம் என்றுதான் நான் நினைத்தேன்.

நாலாவது கிழமை ஆய்வுகூடத்தைக் காட்ட என்னை அழைத்துப் போனார். ஒரு மெஷின் நாடித் துண்டை இரண்டு பக்கமும் கவ்வி மெதுவாக இழுத்தது. பக்கத்துத் திரையில் வளைந்து வளைந்து போகும் குகை மாதிரி ஒரு வழி. மிஸ் விசையைத் தட்ட, குழாயின் முனை வளைவில் போய் நன்றாக முட்டியது. ஆபத்தென்றால் சிவப்பாக வருமாம். எல்லாம் பச்சையாகவே இருந்தது.

"பாருங்கோ நானா, இந்தச் சுவர் எவ்வளவு தாங்குது! புத்தகங்களில இவ்வளவு இல்லை."

"எங்கட மாடு அப்படித்தான் மிஸ். ஹேவாஹெட்ட மலைப் புல்லு!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"வாற மாசம் இருதய டொக்டர்மாருக்குக் காட்டப் போறன். எவ்வளவு தள்ளலாம் எண்டு இதை வச்சுத்தான் சொல்லப் போறன்."

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே இறங்கிவிட்டது. கொதிதண்ணீர் பட்ட சவ்வு இறுகிவிடும் என்பது இறைச்சிக் கடைக்காரனுக்குத் தெரியாததா? ஒரு மாதம் கழித்து அந்தப் பச்சையை நம்பி ஒருவர் இன்னும் கொஞ்சம் தள்ளுவது மாதிரி எனக்கு மனதில் ஓடியது. சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் மிஸ்ஸின் மூன்று கிழமை வேலையும் பொய்யாகவே டொக்டர்மார் முன்னால் போய் நிற்கும்.

"மிஸ்... அந்த மஞ்சள் நெறம்..."

"ஓம், கொழுப்பு. மாட்டுக்கு வயசு போட்டுது போல."

"கொழுப்பு எனக்குத்தான் மிஸ். அது நான் தேச்ச மஞ்சத்தூள். சுடுதண்ணியிலயும் போட்டெடுத்த."

மிஸ் மெஷினை நிறுத்தினார். கதிரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து மூக்கருகே பிடித்தார்.

"ஐயோ நானா! இவ்வளவு நாளும் நான் கறிக்கு வச்சதையோ இழுத்துப் பாத்தனான்?"

"தேங்காப்பால் மட்டும்தான் மிஸ் போடல்ல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எழுதி வைத்திருந்த எண்களை ஒவ்வொன்றாக அழித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைவிட இதுதான் சுட்டது.

மறுநாள் மாட்டிலிருந்து எடுத்த கையோடு, கழுவாமல், மிஸ் தந்த உப்புத் தண்ணீரில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன். மெஷின் இழுத்தது. புது எண்களைப் போட்டு மிஸ் பழையபடி குழாயைத் தள்ளினார். அதே வளைவில் திரை செக்கச் சிவந்தது. நான் ஓர் அடி பின்னால் போனேன், அவரோ கைதட்டினார்.

"இதுதான் நானா வேணும்! எங்க கிழியும் எண்டு இப்பத்தான் தெரியுது."

குழாயைப் பின்னுக்கு இழுத்து, முனையைக் கொஞ்சம் திருப்பி, மேல் பக்கமாக மெதுவாக விட்டார். சிவப்பு மங்கி மஞ்சளாகியது. இந்த மஞ்சளுக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் குழாயின் முனை அடுத்த வளைவை—

"என்னங்க! அங்க என்ன எழுதுற? மிஸ் அனுப்பின ஆள் ஐஸ் பெட்டியோட வந்து நிக்கிற. நரம்பு மேசையில காயுது!"

மனைவி. போக வேண்டும். காய்ந்தால் எண் மாறிவிடும்.