சக்கரம் ஆடாமல் பார்த்துக்கொண்ட எங்கள் அண்ணன்

அண்ணன் இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் தம்பியின் வணக்கம். நான் அதிகம் படிக்காதவன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஏறுகிறவர் இறங்குகிறவர் பேச்சைக் கேட்டுக் கேட்டே பேசக் கற்றுக்கொண்டவன். ஆகவே எழுத்துக்கு நடுவே பேச்சும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரைக் குடிசை ஒன்றில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஒரு மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் அந்தக் குடிசையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் குடும்பம் ஓரிக்கைக்கு வந்தது. அன்றிலிருந்து வானம் கருத்தால் போதும், அண்ணன் பாயை விட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். அப்போது அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை என்று அம்மா சொல்வார்.

எட்டாவதோடு படிப்பு நின்றது. வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் மூட்டை ஏற்றினார். அங்கே இருந்த டிராக்டரைக் கழுவப் போய், ஓட்டக் கற்று, டிரைவர் ஆனார். பல வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டிய பிறகு, பழைய டிராக்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். தங்கைக்குக் கல்யாணம், எனக்கு ஆட்டோ, தம் மகள் தேவிக்குப் படிப்பு எல்லாம் அந்த வண்டியின் உழைப்பில் வந்தவைதான்.

அண்ணனைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவர் கவலையும் தெரியும். எங்கள் தெரு அம்சா அக்கா, "உங்க அண்ணன் மழை வர்றதுக்கு முன்னாடியே தலைய தொவட்டிக்கிற ஆளுபா" என்பார். அண்ணியோ, "நான் கட்டிக்கினது ஒருத்தர, கூட வந்த கவல ஒம்போது பேரு" என்று அவர் காதில் விழும்படியே சொல்வார். அண்ணன் சிரித்துக்கொள்வார். ஆனால் சிரித்துக்கொண்டே போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருவார்.

அவருடைய கவலைக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் டிராக்டர் சக்கரம். செல்வமும் இஸ்மாயிலும் அவருடைய உயிர்ச் சிநேகிதர்கள். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு டிராக்டர். சேற்றுழவு வந்தால் பின்டயர்களைக் கழற்றிவிட்டு இரும்புக் கம்பிச் சக்கரம் மாட்டுவார்கள். உழவு முடிந்து தார் ரோட்டுக்கு வர மறுபடியும் டயரை மாட்ட வேண்டும். எடைக்காக டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருப்பதால் ஒற்றை ஆளால் அதை அசைக்கக்கூட முடியாது. அதனால் யார் வண்டியானாலும் மூன்று பேரும் கூடிவிடுவார்கள். ஒருவர் ஜாக்கியைப் பார்ப்பார், ஒருவர் டயரை உருட்டிக் கொடுப்பார். நட்டு முடுக்குவது மட்டும் எப்போதும் அண்ணன்தான்.

புதிதாக மாட்டிய சக்கரம் கொஞ்ச தூரம் ஓடியதும் சற்றுப் பதியும், நட்டு தளரும். அதனால் வண்டி ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்ததும் அண்ணன் மறுபடி ஒருமுறை முடுக்குவார். அதுவரை கையைக் கழுவ மாட்டார். கிரீஸ் படிந்த கையோடு தெருமுனையில் நின்றுகொண்டிருப்பார். டீ வந்தால்கூட இஸ்மாயில்தான் வாயில் ஊற்ற வேண்டும். அண்ணன் கையில் கறுப்பு இருந்தால் வேலை பாக்கி, கை சுத்தமாக இருந்தால் வண்டி கிளம்பலாம். அதை அவர்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை.

அந்தப் பழக்கம் பிசகிய ஒரு காலை இருக்கிறது. அதை எழுதாவிட்டால் அண்ணனைப் பற்றி எழுதியதாகவே ஆகாது.

என் மனைவியின் அக்கா மகனுக்குத் தாமலில் காதுகுத்து. செல்வத்தின் டிரெய்லரில் எங்கள் தெருப் பெண்களும் பிள்ளைகளும் ஏறியிருந்தார்கள். என் மனைவியும் மகளும் அதில்தான். செல்வம் வண்டிக்கு அன்று காலைதான் டயர் மாட்டியிருந்தது. அவர்களை வைத்துக்கொண்டே அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போனார். அண்ணன் வழக்கம்போலக் கறுத்த கையோடு காத்திருந்தார்.

பக்கத்துத் தெருவில் நெசவாளர் ஏகாம்பரம் பட்டுப் பாவு விரித்திருந்தார். தெரு நீளத்துக்கும் பட்டு நூல் இழுத்துக் கட்டியிருந்தது. திடீரென்று தூறல் விழுந்தது.

"மழ வருதுபா! பாவு நனைஞ்சா என் பொழப்பே போச்சு! கை குடுங்கபா!" என்று ஏகாம்பரம் கத்தினார். நாங்கள் ஓடினோம். அண்ணனைப் பார்த்ததும் அவர் அலறினார்: "யப்பா, அந்தக் கையோட பட்டுகிட்ட வந்துடாத, உனுக்குப் புண்ணியமாப் போவும்!"

அண்ணன் குழாயடிக்குப் போய்ச் சலவைத் தூளைப் போட்டுத் தேய்த்தார். நகக்கண்கூட வெளுக்கும்வரை தேய்த்துவிட்டு வந்து பாவைத் தாங்கிப் பிடித்தார். எல்லாரும் சேர்ந்து சுருட்டி உள்ளே சேர்த்தோம். ஒரு இழைகூட நனையவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் ஜாக்கியும் ஸ்பேனரும் தரையில் கிடந்தன. டிராக்டரைக் காணோம்.

"செல்வம் எங்கமா?" என்று அண்ணன் கேட்டார்.

"அது அப்பவே பூட்ச்சே. தெருமுனைல நின்னு உன்னப் பாத்துட்டுதான் போச்சு" என்றார் அம்சா அக்கா.

அண்ணன் தம் கைகளைப் பார்த்தார். "கையப் பாத்துட்டுப் போயிருக்கான்டா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "புள்ளைங்கடா… ஆட்டோவ எடுறா" என்றார்.

இஸ்மாயில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார். செல்வத்துக்குப் போன் போட்டோம். டிராக்டர் சத்தத்தில் அவருக்கு எது கேட்கப் போகிறது? என் மனைவிக்குப் போட்டேன். அடித்து அடித்து நின்றது.

"எடுக்கல?" என்றார் அண்ணன்.

"டிரெய்லர்ல பாட்டு போட்டிருப்பாங்க அண்ணே."

"பாட்டாவே இருக்கட்டும்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர்கள் அதற்கு முன்பே தாண்டிவிட்டிருந்தார்கள். ஒரு கேட் இவ்வளவு நேரம் மூடியிருக்கும் என்று நான் அன்றுதான் அறிந்தேன். அண்ணன் இறங்கிக் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உக்காருபா, நீ நின்னா ரயிலு சீக்கிரம் வந்துடப்போவுதா?" என்றார் இஸ்மாயில். அப்படிச் சொன்னவர் வாயும் ஏதோ துவாவை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

கேட் திறந்தது. எதிரே பைக்கில் வந்தவரை அண்ணன் மறித்தார். "டிரெய்லரு வச்ச டிராக்டரு பாத்தியாபா? பொம்பளைங்க, புள்ளைங்க…"

"பாத்தேனே. பின்சக்கரம் ஆடிக்கினு போவுது, சொன்னேன். டாட்டா காட்டிட்டுப் போய்க்கினே இருக்காரு."

எதிரே வந்த லாரி ஒவ்வொன்றும் ஏதோ செய்தி கொண்டுவருவதுபோல இருந்தது. தூரத்தில் கூட்டம் தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. ஒரு வளைவில் ஆட்கள் கூடி நின்றார்கள். என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. இளநீர்க் கடை.

தாமல் ஏரிக்கரைமேல் ஏறும் சரிவுக்குச் சற்று முன்னால் அவர்களைப் பிடித்தோம். நான் குறுக்கே ஆட்டோவை நிறுத்தினேன். செல்வம் பிரேக் போட்டு, "இன்னாபா, சினிமா எடுக்கறீங்களா?" என்று சிரித்தார்.

அண்ணன் நேரே சக்கரத்தருகே போய்க் குனிந்தார். இடது பின்சக்கரத்தில் இரண்டு நட்டுகளைக் காணோம். மற்றவை விரலால் திருகினாலே சுற்றின. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் கரைமேல் ஏறியிருப்பார்கள், அந்தச் சரிவுக்குக் கீழே ஏரித் தண்ணீர்.

செல்வம் இறங்கி வந்து பார்த்தார். அவருடைய சிரிப்பு நின்றது. ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மேலே இருந்த பெண்களுக்கு ஒன்றும் தெரியாது. "நல்ல நேரம் போவுதுபா! உங்க அண்ணனுக்கு நட்டு முடுக்க வேற எடமே கெடைக்கலயா?" என்று என் மனைவி சத்தம் போட்டாள். என் மகள் எட்டிப் பார்த்து, "பெரிப்பா, நீங்களும் காதுகுத்துக்கு வர்றீங்களா?" என்றாள். "வரேன்டா கண்ணு" என்றார் அண்ணன். இஸ்மாயில் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருமாகத்தான் முடுக்கினார்கள். பிறகு, பிள்ளைகளை ஆட்டோவில் நடை நடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். காது குத்தியாகிவிட்டது. விருந்தில் அண்ணன் மட்டும் சாப்பிடவில்லை.

அடுத்த உழவுக்கு, "இனிமே யாரு வண்டி சக்கரத்துலயும் நான் கை வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஒருநாள் செல்வம் தம் டிராக்டரை எங்கள் வாசலில் நிறுத்தி, இஸ்மாயிலோடு சேர்ந்து டயரைக் கழற்றிக் கீழே சாய்த்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். நடவு ஆட்கள் அவருக்காக வயலில் காத்திருந்தார்கள்.

"நீயே மாட்டிக்கோ" என்றார் அண்ணன் உள்ளேயிருந்து.

"மாட்ட மாட்டேன்."

"இஸ்மாயில கூப்புடு."

"அவன் முடுக்குனா எனுக்குத் தூக்கம் வராதுபா" என்றார் செல்வம். பக்கத்தில் நின்ற இஸ்மாயில், "எனுக்கே வராது" என்றார். செல்வம் உள்ளே பார்த்துத் தொடர்ந்தார்: "அன்னிக்குக் கையப் பாத்து நான்தான் கெளம்புனேன், வாயத் தொறந்து கேக்கல. இனிமே கேட்டுட்டுப் போறேன், போதுமா? வெளிய வா."

வெயில் ஏறும்வரை அண்ணன் வரவில்லை. பிறகு வந்தார். ஸ்பேனரை எடுத்தார். அன்றிலிருந்து அந்த மூவரில் யார் வண்டி கிளம்பினாலும், "சக்கரம் சரியா இருக்குதா?" என்று சத்தமாகக் கேட்பார்கள். "இருக்குது" என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் கியர் விழும்.

அண்ணனுக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, வாழ்நாளெல்லாம் கவலைப்பட்ட மனிதர் அதற்கு மட்டும் கவலைப்படவில்லை. எங்களுக்குத்தான் ஒவ்வொரு போன் மணிக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே செல்வம் வண்டி முன்டயரில் வெடிப்பு இருப்பதைப் பற்றி இஸ்மாயிலிடம் பேசிக்கொண்டிருந்தார். "மாத்தச் சொல்லுபா. தள்ளிப் போடுவான் அவன்" என்றார். மறுநாள் விடியலில் போய்விட்டார். செல்வம் அந்த வாரமே டயரை மாற்றினார்.

இந்த ஒரு வருடத்தில் எங்களைத் தாங்கியவர்கள் பலர். ஆஸ்பத்திரியில் முறை வைத்துக் காவல் இருந்த செல்வத்துக்கும் இஸ்மாயிலுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் சோறு கொண்டுவந்த அம்சா அக்காவுக்கும் எங்கள் தெருப் பெண்களுக்கும், தறியை நிறுத்திவிட்டு வந்து நின்ற ஏகாம்பரத்துக்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் குடும்பத்தின் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும், மனத்தில் விட்டுப்போகவில்லை.

கடைசியாக ஒன்று. அண்ணன் மகள் தேவி இப்போது டிராக்டரைத் தானே ஓட்டுகிறாள். வேண்டாம் என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். அண்ணி அழுதும் பார்த்தார். போன நடவுக்குச் செல்வமும் இஸ்மாயிலும் வந்து டயர் மாட்டிக்கொடுத்தார்கள். முதல் சவாரியாக வாலாஜாபாத் சந்தைக்குக் கிளம்பினாள். அவள் திரும்பி வரும்வரை அண்ணி வாசலை விட்டு நகரவில்லை. நான் ஆட்டோவில் ஆள் ஏற்றவில்லை. வண்டிச் சத்தம் தெருவில் கேட்டதும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. அண்ணன் எத்தனை வருடம் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்களுக்காக நின்றிருப்பார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் பட்ட கவலையை இனி நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பட வேண்டியிருக்கிறது.

இதை வாசிக்கும் உங்களிடமும் அதில் ஒரு பங்கு கேட்கிறேன். ஓரிக்கைப் பக்கமோ தாமல் ரோட்டிலோ அந்தப் பெண் டிராக்டர் ஓட்டிப்போவதைப் பார்த்தால், அவசரமாக இருந்தாலும் ஒரு நிமிடம் கை காட்டி நிறுத்துங்கள். "சக்கரம் சரியா இருக்குதாமா?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்வாள். பரவாயில்லை, கேளுங்கள்.

— தம்பி