பெரியவளுக்கு நல்ல கலர்

எங்கள் இருவரையும் பார்க்கிறவர்கள் இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்பார்கள். அம்மா சிரிப்பாள். நான்தான் முந்திக்கொண்டு, "இல்லீங்க, இவ எங்கக்கா. என்னைய விட ஒரு வருஷம் பெரியவ" என்பேன். அப்புறம் எப்படி ஒரே வகுப்பு என்று அவர்கள் கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் தயாராக இருக்கும். அதற்குள் அம்மா என் தோளைப் பிடித்து நகர்த்திக்கொண்டு போய்விடுவாள்.

அப்பா வேலை பார்த்த மோட்டார் கம்பெனி இடம் மாறியதால் நாங்கள் போத்தனூருக்குக் குடிவந்தோம். புதுப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியை அக்காவிடம் ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அக்கா முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். மற்றவர்களுக்கு ஒழுங்காக வரிசையில் நிற்கும் எழுத்துகள் அவளுக்கு மட்டும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டியவள் என் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். நான் வகுப்பில் முதல் மாணவி. அவள் எத்தனையாவது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

படம் வரைந்தால் பிள்ளைகளுக்குக் கவனம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மா எங்கள் இருவரையும் சனிக்கிழமை டிராயிங் கிளாஸில் சேர்த்துவிட்டாள். அங்கேயும் நான்தான் முதல். யானை, பேருந்து, பொங்கல் பானை, காந்தி, எதைச் சொன்னாலும் கை தானாகப் போகும். அக்கா வரையும் மனிதர்களுக்குக் கழுத்தே இருக்காது. மாஸ்டர் என் படங்களைத்தான் சுவரில் ஒட்டுவார். ஒருநாள் எங்களைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம், "சின்னது கை ரொம்ப நல்லா ஓடுதுங்க. ஆனா இந்தச் சில்லறைக் கலர வெச்சுட்டு ஒண்ணும் பண்ண முடியாது. போட்டி வருது. ஒரு நல்ல வாட்டர் கலரா வாங்கிக் குடுத்துருங்க" என்றார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் அம்மா எங்களை டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் இருந்த கடைக்குக் கூட்டிப்போனாள். கடைக்கார பாய் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று பிளாஸ்டிக் பெட்டி. பொத்தான் மாதிரி வட்ட வட்டமாகக் கலர் கட்டிகள், கூடவே முடி உதிரும் ஒரு பிரஷ். மற்றது தகரப் பெட்டி. திறந்தால் வரிசையாகச் சின்னச் சின்ன ட்யூப்கள்.

"ரெண்டும் கலர்தானுங்களே பாய், அப்படி என்ன வித்தியாசம்?" என்று அம்மா கேட்டாள்.

 பாய் ஒரு தாளை எடுத்து, இரண்டிலிருந்தும் நீலத்தைத் தொட்டுப் பக்கத்தில் பக்கத்தில் தீட்டினார். ஈரத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. "கொஞ்சம் பொறுங்கம்மா, காயட்டும்" என்றார். காய்ந்தபோது ஒரு நீலம் சுவரில் அடித்த சுண்ணாம்பு போல வெளிறிப்போனது. ட்யூப் நீலம் அப்படியே இருந்தது. உள்ளே எங்கோ விளக்கு எரிகிற மாதிரி இருந்தது. நான் அந்த நீலத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது என்னுடையது.

"ரெண்டுமே நல்லதா வாங்க முடியாதுங்க பாய். நல்லதுல ஒண்ணு, இதுல ஒண்ணு குடுங்க" என்றாள் அம்மா. நல்ல பெட்டிக்குச் சேர்ந்த தடித்த காகிதமும் ஒரு கட்டு வாங்கினாள்.

பாய் இரண்டையும் தனித்தனியாகக் கட்டிவிட்டு, "நல்லது எந்தப் பாப்பாவுக்குங்க?" என்று கேட்டார். நான் கையை நீட்டிவிட்டேன்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "பெரியவளுக்குங்க" என்றாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் நான் அழுத அழுகையில் முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "மாஸ்டர் எனக்குத்தானே வாங்கச் சொன்னாரு? அவளுக்கு என்னத்துக்கு? அவளுக்கு மூக்குக் கூடப் போடத் தெரியாது" என்றேன். அம்மா என் முகத்தை முந்தானையால் துடைத்து, "நீ எதுல வேணும்னாலும் போட்டுருவே கண்ணு" என்றாள். அது பாராட்டு என்று இன்று யாரும் சொல்லலாம். நன்றாக வரைவதற்குத் தண்டனை என்றுதான் அன்று எனக்குக் கேட்டது.

அன்று சாயங்காலமே அக்கா தகரப் பெட்டியை என் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். "நீயே வெச்சுக்க புள்ள. நான் ஒண்ணும் கேக்கல" என்றாள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கொடுக்க வந்ததுதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பார்ப்பதே என் வேலையாகிப்போனது. எந்த ட்யூப் எவ்வளவு இளைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அக்கா மிச்சம் பிடித்துப் பிடித்து, மிளகளவு பிதுக்கி, மூடியை இறுக்கி மூடுவாள். அதைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். நானாக இருந்தால் தாராளமாக எடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை நான் கேட்காமலே நான் கலர் குழைக்கும் தட்டில் கொஞ்சம் நீலத்தை வைத்துவிட்டுப் போனாள். அவள் குளிக்கப் போனதும் அதைத் தொட்டுக் காகிதத்தில் ஒரு கோடு இழுத்தேன். அது எனக்காகக் காத்திருந்தது போல வழுக்கிக்கொண்டு போனது. உடனே தட்டைக் கழுவிக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். எனக்கு அது பிடித்துவிட்டது அவளுக்குத் தெரியக் கூடாது.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். தலைப்பு, எங்கள் ஊர். நான் போத்தனூர் ஜங்ஷனையே தாளில் இறக்கினேன். இரண்டு ரயில், மேம்பாலம், டீ விற்பவர், பெட்டி தூக்குபவர், குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடும் ஒரு அம்மா. எல்லோருக்கும் கழுத்து இருந்தது. கலர் போடும்போதுதான் வம்பு. சிவப்பு போதவில்லை என்று மேலே மேலே பூசினேன். காகிதம் நைந்து திரி திரியாக உரிந்து வந்தது. ரயிலின் கறுப்பு டீக்காரரின் சட்டைக்குள் ஓடியது.

திரும்பிப் பார்த்தால் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். தாளில் வெறும் வானம். கீழே ஓரமாக எறும்பு மாதிரி ஒரு கூட்ஸ் வண்டி. ஆளே இல்லை.

"நேரம் போகுது புள்ள, எதாச்சும் போடு" என்றேன்.

"காயட்டும்" என்றாள்.

காய்ந்ததும் நீலத்தின் மேல் லேசாக ஆரஞ்சு ஓட்டினாள். மறுபடியும் கையை மடக்கிக்கொண்டாள். சாப்பிட, குளிக்க, சடை பின்ன, எல்லாவற்றுக்கும் அக்கா மெதுவுதான். அதற்காக அவளைத் திட்டாதவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. அந்தக் கலர்கள் மட்டும் அவளை அவசரப்படுத்தவில்லை. சாயங்கால வெளிச்சம் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி அந்தத் தாளில் நின்றது. நான் என் தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

மூன்றாம் பரிசுக்கு அக்காவின் பெயரை அழைத்தார்கள். எனக்கு எதுவுமில்லை. வீட்டுக்கு வந்ததும், "கலரு நல்ல கலரு, அதான் பரிசு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அம்மா திட்டவில்லை. "ஆமா கண்ணு, நல்ல கலருதான்" என்றாள். அப்பா மூன்றாம் பரிசுக்கு யாரும் வாங்காத அளவுக்கு ஜிலேபி வாங்கி வந்தார். நான் வாங்கிய முதல் பரிசுகளுக்கெல்லாம் ஒரு தேன்மிட்டாய்கூட வந்ததில்லை.

மறுநாள் காலையில் அம்மா சமையலறையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். அக்கா நிலைப்படியில் உட்கார்ந்து சான்றிதழை மடியில் விரித்தாள். யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. அவளாகவே விரலை வைத்து ஆரம்பித்தாள்.

"ஓ... ஓவி... ஓவியப்... போட்..."

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் எங்கே திக்கினாலும் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பது என் வழக்கம். வகுப்பிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். "போட்டியில் மூன்..." என்று தொடங்கியபோது அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. மாவுக் கை. ஈரமாக, சில்லென்று இருந்தது. நான் திமிறினேன். விடவில்லை.

அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் போனாள். 'பெற்றமைக்காக' என்ற இடத்தில் நின்றாள், பின்னால் போனாள், மறுபடி வந்தாள். 'வழங்கப்படுகிறது' வரைக்கும் வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அப்போதும் அம்மா கையை எடுக்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதையும் அவள் கவனிக்கவில்லை.

அம்மாவுக்கு என் குரலே பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கையை எடுத்ததும் உதட்டில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, அடுத்த போட்டிக்காவது நல்ல கலரை எனக்கு வாங்கித் தருவாளா என்று எப்போது கேட்டால் சரியாக இருக்கும் என யோசித்துக்கொண்டு நின்றேன்.