4mm4 என்று எழுதிய மகன்

நெடுந்தீவில் மாடு வளர்த்துப் பால் விற்கும் பிலோமினாவின் ஒரே மகன் அல்வின் பிரான்சுக்குப் போய்ச் சில வருடங்களாகின்றன. தொலைபேசியில் அவன் அதிகம் பேசுவதில்லை. “சாப்பிட்டிட்டன், வேலையால வந்திட்டன்” என்பதோடு முடித்துவிடுவான். அதனால் இணையத்தில் அவன் போடும் படங்களைப் பார்ப்பதுதான் அவளுக்கு ஆறுதல்.

ஒரு நாள் மத்தியானம், மாடுகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து கைபேசியைப் பார்த்தாள். பனி மூடிய தெருவொன்றின் படம். அதன் கீழே ‘4mm4’ என்று மட்டும் இருந்தது. அறை இலக்கமா, பஸ் இலக்கமா என்று அவளுக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டுத் துசாராவிடம் காட்டினாள்.

“எனக்கும் விளங்கேல்லை அக்கா.”

மறுபடி பார்த்தபோது, படத்துக்கு மேலே அவன் தன் பெயரை ‘4lv1n’ என்று எழுதியிருப்பது கண்ணில் பட்டது. அவனுடைய பள்ளிக்கூடப் பையில் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் நூலால் தைத்தவள் அவள்தான். முதல் எழுத்து ‘ஏ’ வரவேண்டிய இடத்தில் நான்கு நின்றது. அப்படியென்றால் கீழே இருக்கும் நான்கும் ‘ஏ’தான். எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

அம்மா.

உடனே அவனை அழைத்தாள்.

“ஏன் தம்பி, நேரா எழுதினால் என்ன?”

“அறையில கூட இருக்கிற பெடியள் பகிடி பண்ணிச் சிரிப்பாங்கள் அம்மா.”

“எனக்காவது சொல்லியிருக்கலாமே.”



“சொன்னால் நீங்கள் அழுவீங்கள் எண்டு நினைச்சனான்” என்றவன், தானே அழத் தொடங்கினான்.

பிலோமினா கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “ஓம் ராசா, ஓம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.